காதுக்குள் ஓயாத இரைச்சல்: எதைச் சரிசெய்யலாம், எதோடு பழகலாம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உண்டு, உறங்கி, வேலை செய்கிறவர்கள். அப்படி இருபது வருஷம் தொழிலுக்குப் போன ஒருவரை எண்ணிக்கொள்வோம். தடைக்காலத்தில் வீட்டுக் கட்டிலில் படுக்கிறார். எஞ்சின் இல்லை. ஆனால் காதுக்குள் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம், சில்வண்டு விடாமல் கத்துவதுபோல. எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்க்கிறார். மனைவியை எழுப்பி, "உனக்குக் கேக்குதா?" என்கிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு ஒரு மாத்திரை, பிறகு சீட்டில் எழுதி வாங்கிய இன்னொரு மாத்திரை. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் 'ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு' என்கிறது. கடைசியில் பார்த்த டாக்டர், "இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கணும்" என்று இரண்டு வரியில் அனுப்பிவிடுகிறார். விளம்பரம் சொன்னது பொய். டாக்டர் சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. மருந்து இல்லை என்பதற்கும் சிகிச்சை இல்லை என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

## இது நோயா, அறிகுறியா?

வெளியில் சத்தம் எதுவும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ சத்தம் கேட்பதை டின்னிடஸ் என்கிறார்கள். தமிழில் காதிரைச்சல். குமரியில் பலர் 'செவி இரையுது' என்பார்கள். கேட்கும் சத்தம் ஆளுக்கு ஆள் மாறும்: மணி, விசில், காற்று, குக்கர் ஆவி, தண்ணீர்க் குழாய். பேச்சாகவோ குரலாகவோ கேட்டால் அது வேறு விஷயம், அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலைப் போலவே காதிரைச்சலும் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பின்னால் சளியும் இருக்கலாம், டெங்குவும் இருக்கலாம். இதற்குப் பின்னாலும் வெறும் குறும்பி இருக்கலாம், வயதால் வந்த கேட்புக் குறைவு இருக்கலாம், மிக அபூர்வமாகக் கேள்வி நரம்பில் (காதிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு) கட்டியும் இருக்கலாம். எனவே 'காதிரைச்சலுக்கு மருந்து என்ன?' என்று நேராகக் கேட்பது, 'வயிற்றுவலிக்கு மருந்து என்ன?' என்று கேட்பதுபோலத்தான்.

இது ஊரில் யாருக்கும் இல்லாத வியாதியும் இல்லை. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு. கடுமையாக அவதிப்படுகிறவர்கள் சுமார் 2 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேருக்குச் சத்தம் கேட்டால், அவர்களில் ஒருவர்தான் அதனால் உருக்குலைகிறார். மற்ற ஆறு பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சிகிச்சையின் சூட்சுமம் இருக்கிறது.

## சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு குழாய் உண்டு, காக்ளியா என்று பெயர். அதற்குள் மயிர்ச்செல்கள். ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலி அலை வந்து மோதும்போது இவை அசைந்து அதை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மனிதருக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதிகச் சத்தம், வயது, சில மருந்துகள், கிருமித் தொற்று எல்லாம் இவற்றைக் கொல்லும். பொதுவாக முதலில் அடிபடுவது மெல்லிய, கீச்சென்ற உயர் ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்.

இனி மூளையின் பக்கம். பழைய டிரான்சிஸ்டரில் நிலையம் சரியாக எடுக்காதபோது என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம். பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் பெருகும். காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்தால் மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எந்த அலைவரிசையில் கேட்கும் திறன் குறைந்ததோ, பெரும்பாலும் அதை ஒட்டியே இரைச்சலின் சுருதியும் அமைகிறது. கை துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத கை வலிப்பதுபோல, இல்லாத ஒலி கேட்கிறது. 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று வீட்டில் சொல்வது அதனால்தான் தவறு. சத்தம் நிஜமாகவே கேட்கிறது, அது காதுக்கு வெளியில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த உஸ் கொஞ்சம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறை எதுவும் இல்லாத 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். தடைக்காலத்தில் அந்த மீனவருக்கும் பாதி இதேதான் நடந்தது. இரைச்சல் ஜூன் மாதத்தில் புதிதாகப் பிறக்கவில்லை. அதை மூடி வைத்திருந்த எஞ்சின் சத்தம் விலகியது.

## சத்தம் வேறு, தொல்லை வேறு

குளச்சலிலோ முட்டத்திலோ கடலை ஒட்டிய வீட்டில் வெளியூர்க்காரர் முதல் இரவு தங்கினால் தூங்க மாட்டார். அலை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டால், "எந்தச் சத்தம்?" என்பார். அலை குறையவில்லை, அவர் காதும் மங்கவில்லை. இது ஆபத்தில்லாத, புதுச் செய்தி எதுவும் தராத ஒலி என்று மூளை எப்போதோ முடிவு செய்து, வாசலிலேயே நிறுத்திவிட்டது. கடல் நிஜமாகவே சீறினால் அதே ஆள் சட்டென்று எழுந்துகொள்வார்.

காதிரைச்சலிலும் இந்த வடிகட்டி உண்டு. பெரும்பாலானோருக்கு சில மாதங்களில் அது தானாகவே வேலை செய்யத் தொடங்கும். சிலருக்கு ஏன் செய்வதில்லை? 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கோட்பாடு இதை விளக்கியது. சத்தம் முதன்முதலாகக் கேட்கும்போது 'மூளையில் கட்டியோ? செவிடாகிவிடுவேனோ?' என்ற பயம் அதோடு ஒட்டிக்கொண்டால், மூளை அதை ஆபத்து மணியாகப் பதிவு செய்துவிடுகிறது. ஆபத்து மணியை எந்த மூளையும் வடிகட்டாது. பயம் கூடக் கூட கவனம் கூடும், கவனம் கூடக் கூட சத்தம் பெரிதாகும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் பயம் இன்னும் கூடும்.

இதற்கு ஒரு சான்று கேட்பியல் அறையிலேயே கிடைக்கும். நோயாளியின் இரைச்சலுக்கு இணையான ஒலியைக் கருவியில் போட்டு அளந்தால், அது அவருடைய கேட்கும் எல்லையைவிடச் சில டெசிபல்தான் மேலே இருக்கும். 'மண்டைக்குள் ரயில் ஓடுகிறது' என்பவருக்கும், 'இருக்கு, அதுக்கென்ன' என்பவருக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. எனவே அவதியை அளப்பதற்குத் தனியாக ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 25 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். சிகிச்சை முன்னேறுகிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் பயன்படுவது இந்த மதிப்பெண்தான். சத்தத்தின் டெசிபலை யாரும் பெரிதாகத் துரத்துவதில்லை.

## முதல் வேலை: திருத்தக்கூடிய காரணம் இருக்கிறதா?

பழகுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீக்கக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

1. குறும்பி. பட்ஸ் போட்டுக் குடைகிறவர்கள் பலர் அதை வெளியே எடுப்பதில்லை, செவிப்பறையை நோக்கி உள்ளே தள்ளுகிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். சிலருக்கு இரைச்சல் அதோடு முடிந்தது.
2. காளான் தொற்று. ஈரப்பதம் மிகுந்த நம் பகுதியில், குளத்திலும் ஆற்றிலும் குளிக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் அடிக்கடி வரும். அரிப்பு, அடைப்பு, கூடவே இரைச்சல். இதற்கு எண்ணெய் ஊற்றுவது காளானுக்கு விருந்து வைப்பதுபோல.
3. நடுக்காதுக் கோளாறு. சீழ் வடிதல், செவிப்பறை ஓட்டை, அங்கவடி எனும் நடுக்காதுச் சிற்றெலும்பு இறுகிப்போதல். பலவற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு. கேட்கும் திறன் மீளும்போது பலருக்கு இரைச்சலும் தணியும்.
4. மருந்துகள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின், குயினைன், ஃபுரோசமைடு. இவற்றில் எதையாவது எடுக்கும்போது இரைச்சல் வந்தால் உடனே எழுதிக்கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.
5. மெனியர் நோய். தலைசுற்றல், காது அடைப்பு, ஏறி இறங்கும் கேட்புத்திறன், இரைச்சல் நான்கும் சேர்ந்து தாக்குதல் தாக்குதலாக வரும். உப்பைக் குறைப்பதும் தனி மருந்துகளும் இதற்கு உண்டு.
6. தாடை, கழுத்து. பல்லை இறுகக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பல் மருத்துவருக்கும் பிசியோதெரபிக்கும் இதில் வேலை இருக்கலாம்.

காத்திருக்கவே கூடாத சில நிலைகள் உண்டு:

- ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று மந்தமாகி இரைச்சலும் வந்தால் அது அவசரம். உள்காது திடீரென்று செயலிழப்பதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு. 'சளி அடைப்புதான், தானா போயிரும்' என்று ஆவி பிடித்துக்கொண்டே நாளைக் கடத்தி, போனதைத் திரும்பப் பெற முடியாமல் ஆனவர்கள் உண்டு.
- நாடித்துடிப்போடு சேர்ந்து 'புஸ்... புஸ்...' என்று கேட்டால், அது ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரத்த சோகையிலிருந்து மண்டைக்குள் அழுத்தம் கூடுவது வரை காரணங்கள் இருக்கலாம். ஸ்கேன் தேவைப்படும்.
- ஒரு காதில் மட்டும் விடாமல் கேட்டால், கேள்வி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். கட்டி அபூர்வம், பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துவிட வேண்டும்.
- முகம் ஒரு பக்கம் கோணுதல், கடுமையான தலைசுற்றல், தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல்: அன்றைக்கே மருத்துவமனை.

## ஆடியோகிராமைப் படிப்பது

பெரும்பாலானவர்களுக்கு அவசியமான பரிசோதனை ஸ்கேன் இல்லை, ஆடியோகிராம். ஒலி அடங்கிய அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பார்கள். தாளில் மேலே இருக்கும் புள்ளி நல்ல காது, கீழே இறங்க இறங்கக் குறைபாடு. வயதானவர்களின் கோடு உயர் ஒலிகள் இருக்கும் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். எஞ்சின், கல்குவாரி, மரம் அறுக்கும் மில், மேளம் என்று சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தே இது சத்தத்தின் வேலை என்று கேட்பியலாளர் சொல்லிவிடுவார்.

இந்தப் பள்ளம் உள்ளவர் 'எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது' என்பார். பாதி சரி. தாழ்ந்த ஒலிகள் கேட்கின்றன. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உயர் ஒலிகள்தான் தப்பிப்போகின்றன. 'பேசுறது கேக்குது, என்னன்னு புரியல' என்று ஒருவர் அடிக்கடி சொன்னால் இதைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு குழப்பமும் வரும்: ரிப்போர்ட் நார்மல், இரைச்சலோ நிற்கவில்லை. 2009இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் நடத்திய ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு மயிர்ச்செல்கள் பிழைத்து, கேட்கும் அளவும் பழையபடி திரும்பியது. ஆனால் அந்தச் செல்களிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகள் மட்டும் நிரந்தரமாக அழிந்திருந்தன. சாதாரண ஆடியோகிராமுக்கு இது தெரியாது. மனிதரிலும் இப்படி நடக்கலாம் என்று கருதுகிறார்கள். 'ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல' என்பதும் 'உனக்கு ஒண்ணுமில்ல' என்பதும் ஒன்றாகாது.

## எவை உண்மையில் உதவுகின்றன?

1. காது மெஷின். கேட்புக் குறைவும் இரைச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுதான். மேலே சொன்ன டிரான்சிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: நிலையம் தெளிவாக எடுத்தால் வால்யூமை ஏற்ற வேண்டிய தேவை மூளைக்குக் குறையும். வெளி ஒலிகள் உள்ளே வருவதால் இரைச்சலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள்கூட மெஷின் என்றால் 'எனக்கென்ன அவ்வளவு வயசா?' என்கிறார்கள். அந்த வெட்கத்துக்குத்தான் மாத்திரைகள் விற்றுக்கொண்டே இருக்கின்றன. ஒன்று கவனம்: உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப அளவு வைத்துத் தராமல் கவுன்டரில் தூக்கிக் கொடுக்கும் வெறும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒன்றாக உயர்த்தும். அவை இருக்கிற காதையும் கெடுக்கலாம்.

2. பின்னணி ஒலி. மழைக்கால இரவில் கரண்ட் போய் ஃபேன் நின்றதும் இரைச்சல் இரட்டிப்பானதுபோல் தோன்றும். அந்த அனுபவத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துவதே இந்த முறை. ஃபேன், மழைச் சத்தம், கடல் அலை, போனில் ஓடும் இலவச ஆப், எதுவும் ஆகும். அளவுதான் முக்கியம். இரைச்சலை முழுசாக மூழ்கடிக்கும்படி வைக்கக் கூடாது. வெளி ஒலியோடு இரைச்சலும் கொஞ்சம் கேட்க வேண்டும். மூடி மறைத்தால் மூளை பழகாது, ஒலியை அணைத்ததும் பழையபடி துள்ளும். வைத்த ஒலியும் சலிப்பூட்டுவதாக இருப்பது நல்லது. பிடித்த பாட்டைப் போட்டால் கவனம் காதிலேயே நிற்கும்.

3. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சி.பி.டி. என்று சொல்வார்கள். காதிரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் இருப்பவற்றுள் வலுவான சான்று இதற்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 28 ஆய்வுகளை, 2,733 பேரை எடுத்துப் பார்த்து, அன்றாட வாழ்க்கையின் மீது இரைச்சல் செலுத்தும் பாதிப்பு குறைகிறது என்றது. சத்தத்தின் அளவு இதனால் குறையாது.

சி.பி.டி. பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'காதுக்கு மனநல டாக்டரா?' என்று கேட்டே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். நடப்பது இவ்வளவுதான். சத்தம் தொந்தரவு செய்த நேரத்தை நோட்டில் எழுதச் சொல்வார்கள்: என்ன செய்துகொண்டிருந்தேன், மனதில் என்ன ஓடியது, பிறகு என்ன செய்தேன். 'ராத்திரி பதினோரு மணி. இது என்னைப் பைத்தியமாக்கிவிடும் என்று தோன்றியது. எழுந்து நடந்தேன்.' அடுத்த உட்காரலில் அந்த ஒரு வரியை எடுத்து விசாரிப்பார்கள். போன மாதமும் இப்படித்தானே தோன்றியது? பைத்தியம் ஆனீர்களா? நேற்று பேரனோடு கேரம் ஆடிய ஒரு மணி நேரத்தில் சத்தம் எங்கே போயிற்று? பிறகு விலகி ஓடிய காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். கோயிலுக்குப் போவது, கல்யாண வீட்டுக்குப் போவது, அமைதியான அறையில் பத்து நிமிஷம் உட்காருவது. கூடவே தளர்வுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு. எட்டுப் பத்து முறை உட்கார வேண்டியிருக்கும். மூளையின் ஆபத்து மணியை ஒவ்வொரு திருகாகக் கழற்றும் வேலை இது.

ஒலியையும் ஆலோசனையையும் சேர்த்துத் தரும் டி.ஆர்.டி. என்ற மறுபயிற்சி முறையும் பிரபலம். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், டி.ஆர்.டி. பெற்றவர்களும் நல்ல வழக்கமான ஆலோசனை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். நம் நோக்கில் இது நல்ல செய்தி. விலை உயர்ந்த பேக்கேஜ் தேவையில்லை, விஷயத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் ஒருவரும் ஒரு ஃபேனும் போதும் என்றாகிறது.

## மாத்திரை, எண்ணெய், வர்மம்

பீட்டாஹிஸ்டின் மெனியர் நோயின் தலைசுற்றலுக்குக் கொடுக்கும் மருந்து. காதிரைச்சல் மட்டும் இருப்பவருக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020இலேயே சொல்லிவிட்டது. கிங்கோ இலைச் சத்து பற்றிய ஆய்வுகளும் கைவிரித்துவிட்டன. அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கிங்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்தால் அதைச் சரிசெய்வது வேறு விஷயம். மனச்சோர்வோ பதற்றமோ சேர்ந்து இருந்தால் அதற்கான மருந்துகள் அந்தப் பகுதிக்கு உதவும். தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்வது மட்டும் ஒரு பிரச்சினையை இரண்டாக்கும்.

ஆயுர்வேதத்தில் இதற்குக் கர்ணநாதம் என்று பெயர். காதில் எண்ணெய் நிறைக்கும் முறையும் உண்டு. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கும் மாவட்டம் இது, வர்ம ஆசான்களுக்கும் குறைவில்லை. எனவே இந்தக் கேள்வி வராமல் போகாது. செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று ஒரு மருத்துவர் விளக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லும்வரை காதில் எதையும் ஊற்றக் கூடாது, அம்மா காய்ச்சித் தந்த பூண்டு எண்ணெயாக இருந்தாலும். தாடை, கழுத்து இறுக்கத்தால் இரைச்சல் கூடுகிறவர்களுக்கு மிதமான தடவல் இதம் தரலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பி எலும்பைச் 'சொடுக்கெடுக்கும்' வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கழுத்தின் ரத்தக் குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும்.

## நாக்கில் வைக்கும் கருவி

'காதிரைச்சலுக்கு அமெரிக்காவில் தீர்வு வந்தாச்சு' என்று சுற்றும் செய்தியின் மூலம் லெனைர் என்ற கருவி. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 மார்ச்சில் இதற்கு அனுமதி கொடுத்தது உண்மை. ஹெட்ஃபோனில் ஒலி, அதே நேரத்தில் நாக்கில் மெல்லிய மின்துடிப்பு, இரண்டையும் சேர்த்துக் கொடுத்து மூளையின் கவனத்தைத் திசைதிருப்பும் முயற்சி. மிதமான அளவுக்கு மேல் அவதிப்படுகிறவர்களில் பலருக்குக் கேள்வித்தாளின் அவதி மதிப்பெண் குறைந்திருக்கிறது. இரைச்சலை அழிக்கும் கருவி என்று அனுமதிக் கடிதம் எங்கும் சொல்லவில்லை. தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் முறையில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. கடன் வாங்கி இவற்றுக்கு ஓட வேண்டாம்.

## இங்கே எங்கே போவது?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அங்கே ஆக்குளத்தில், 1997இல் தொடங்கப்பட்ட நிஷ் என்ற பேச்சு, கேட்பு நிறுவனமும் இருக்கிறது. தனியாரிடம் போனால், பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற கேட்பியலாளரா என்று கேளுங்கள். மெஷின் விற்கும் ஆளும் பரிசோதிக்கும் ஆளும் ஒருவராகவே இருக்கும் கடைகள் உண்டு.

காது மெஷின் இலவசமாகப் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாட்டு வகைகளில் காதிரைச்சல் இல்லை. கேட்புக் குறைவு இருக்கிறது, ஆனால் இரு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழந்திருந்தால்தான் 'கேட்டல் குறைபாடு' என்ற வகைக்குள் வரும். 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளம் விழுந்த படகுத் தொழிலாளி இதற்குள் வரமாட்டார். அவருடைய காதைக் கெடுத்தது தொழில்தான் என்பது தாளில் தெளிவாகத் தெரிந்தாலும்.

தூக்கமில்லாமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வரை போகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

## இருக்கிற காதைக் காப்பது

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பணியிடங்களுக்காகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் நாலு மணி நேரம், 94இல் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் கால் மணி நேரம். சிங்காரி மேளக் குழுவுக்கு நடுவில் நின்று கொட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று யோசியுங்கள். பட்டாசுக்கு இந்தியச் சட்டம் விதித்த உச்சம் நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு நேரக் கணக்கே பொருந்தாது, ஒரே வெடி போதும்.

இன்னொரு பக்கம், இரைச்சல் வந்தவர்கள் பயந்துபோய் நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொள்வதும் தவறு. அமைதியில் மூளை வால்யூமை இன்னும் ஏற்றும். அடைப்பான் சத்தமான இடத்துக்கு மட்டும்தான்.

பஞ்சு பயன்படாது, ஒலி அதன் ஊடே சும்மா போய்விடும். மஞ்சள் நிற ஃபோம் அடைப்பான் விலை சொற்பம், ஆனால் பெரும்பாலோர் அதை நுனியில் செருகிவிட்டுப் 'பிரயோஜனமில்லை' என்கிறார்கள். கை கழுவி, அடைப்பானை விரல்களுக்கு நடுவே சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பேசிப் பாருங்கள். சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இல்லையென்றால் கழற்றி மறுபடி உருட்ட வேண்டும்.